ஒரு பத்தி, ஒரு கருத்து

மாணவர்களே! ஐப்பசித் திங்களில், மழை சற்றே ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில், கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் செல்லும் சாலையில் நடந்து பாருங்கள். சாலையின் இருமருங்கும் கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை கரிய நிலம் பரந்து கிடக்கும். பார்வைக்கு அஃது ஒரே நிலம்போல் தோன்றும். ஆனால் ஒரே நிலம் அன்று. ஒரு புஞ்சையில் உளுந்து முளைத்திருக்கும்; அடுத்த புஞ்சையில் பாசிப்பயறு; அதற்கு அப்பால் மக்காச்சோளம்; இடையிடையே பருத்தி. ஒவ்வொரு புஞ்சைக்கும் பொழி என்னும் எல்லை வரப்பு உண்டு. அதனைக் கண்ட அளவிலேயே, இந்நிலம் இங்குத் தொடங்கி இங்கு முடிகின்றது என்று வழிப்போக்கரும் அறிந்துகொள்வர். பொழி அழிந்த நிலத்தில் வழக்கு விளையும்; பயிர் விளையாது. எழுத்துக்கும் அத்தகைய பொழி ஒன்று உண்டு. அதனையே பத்தி பிரித்தல் என்கிறோம்.

பத்தி என்னும் சொல்லுக்கு வரிசை, ஒழுங்கு என்பன பொருள். ஆயினும் இன்றைய மாணவர் பலர், நான்கு வரி எழுதியபின் சிறிது இடம் விட்டு, அடுத்த வரியை உள்ளே தள்ளித் தொடங்கினால் அது பத்தியாகிவிடும் என எண்ணுகின்றனர். இடம் விடுதல் பத்தியின் அடையாளம். அதுவே பத்தி ஆகாது. ஒரு கருத்தைத் தொடங்கி, விளக்கி, நிறைவு செய்யும் தொடர்களின் கூட்டமே பத்தியாகும். அது கையின் வேலை அன்று; கருத்தின் வேலை. ஆதலின், ஆசிரியர் கட்டுரையைச் சொல்ல மாணவர் எழுதி மனப்பாடம் செய்யும் முறையால் பத்தி அமைக்கும் ஆற்றல் ஒருநாளும் வாராது என்பது என் துணிபு. இத்துணிபை நான் நூல்களிலிருந்து பெறவில்லை. என் பிழையிலிருந்து பெற்றேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராகப் பணியாற்றினேன். இலக்கணத்தை ஆசிரியர் முன் அமர்ந்து, சூத்திரம் சூத்திரமாக ஓதிக் கற்றவன் நான். மனப்பாடத்தின் பயனை நன்கு அறிந்தமையால், கட்டுரையையும் அவ்வாறே கற்பித்தேன். ‘உழவின் பெருமை’ என்று ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை அனைத்தும் அதில் அழகாக அமைந்திருந்தன. ஆண்டுதோறும் அதனையே சொல்லி எழுதுவித்தேன். மாணவர் ஒப்புவித்தனர், தேர்வில் எழுதினர், மதிப்பெண் பெற்றனர். அவர்களுள் ஒருவன் மானாவாரி வேளாண்மை செய்யும் குடும்பத்துப் பிள்ளை. அக்கட்டுரையை ஓர் எழுத்துப் பிழையும் இன்றி எழுதி, வகுப்பிலேயே மிகுந்த மதிப்பெண் பெற்றான். நானும் மகிழ்ந்தேன்.

நான் ஓய்வு பெற்ற பின், 2018ஆம் ஆண்டில், படைப்புழு என்னும் புதிய பூச்சி தமிழ்நாட்டின் மக்காச்சோளப் பயிரைத் தாக்கியது. அயல்நாட்டிலிருந்து வந்த அப்புழு குருத்துக்குள் புகுந்து இலையையும் கதிரையும் தின்றது. எங்கள் கரிசற்காட்டிலும் பல புஞ்சைகள் பாழாயின. அம்மாணவனின் தந்தையும் விளைச்சலை இழந்தார். உதவி வேண்டி ஓர் அலுவலகத்திற்கு விண்ணப்பம் எழுதும் பொறுப்பு, படித்த பிள்ளை என்பதனால், அவன் தலையில் விழுந்தது. அவனும் எழுதிக் கொடுத்தான்.

சில வாரங்கள் கழித்து, அவ்விண்ணப்பத்தின் படியை எடுத்துக்கொண்டு என் இல்லம் வந்தான். “ஐயா, இதில் என்ன பிழை?” என்று கேட்டான். வாங்கிப் படித்தேன். முழுத்தாள் ஒன்று, மேலிருந்து கீழ்வரை இடைவெளியின்றி நிறைந்திருந்தது. தந்தையின் வயது முதலில் வந்தது. பாட்டனார் காலத்து நில வரலாறு அடுத்து வந்தது. பக்கத்துப் புஞ்சைக்காரரோடு பொழி பற்றி நேர்ந்த பூசல் ஐந்தாறு வரிகளை நிரப்பியது. விதைக்கு வாங்கிய கடன், தங்கையின் திருமணம், மழையின் குறைவு ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. புழுவின் பெயரும், அழிந்த பரப்பும், வேண்டிய உதவியும் கடைசி இரண்டு வரிகளில் ஒடுங்கிக் கிடந்தன. அதனைப் பெற்றவர் முற்பகுதியைக் கண்டு, இது நில எல்லை வழக்கு எனக் கருதி, நில அளவைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். அங்கிருந்து அது திரும்பி வருவதற்குள் விண்ணப்பம் கொடுக்கும் கெடு கடந்துவிட்டது.

அலுவலகத்தார் கடைசி வரி வரை படித்திருக்கலாம் என்று நீங்கள் கூறலாம். படித்திருக்கலாம்தான். ஆனால், நாள்தோறும் நூறு தாள்களைப் படிப்பவர் நம் தாளில் எதைத் தேடவேண்டும் என்பதை நாமே காட்டவேண்டாவா? உழவின் பெருமையைப் பிழையின்றி எழுதிய அம்மாணவனுக்குத் தன் சொந்தப் புஞ்சையைப் பற்றி ஒரு பத்தி எழுதத் தெரியவில்லை. அக்குறை அவனுடையது அன்று, என்னுடையது. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

செய்யுளை மனப்பாடம் செய்வதை நான் குறை கூறவில்லை. அது நெஞ்சில் இடும் விதை. பின்னொரு நாள் முளைத்துப் பயன் தரும். பிறர் எழுதிய கட்டுரையை மனப்பாடம் செய்வதோ, அயலார் புஞ்சையிலிருந்து கதிரை ஒடித்து வந்து நம் நிலத்தில் நட்டுவைப்பதைப் போன்றது. பார்ப்பதற்குப் பயிர்போல் நிற்கும், வேர் இராது.

இனி, பத்தி எவ்வாறு கெடுகிறது என்பதையும், எவ்வாறு திருந்துகிறது என்பதையும் ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ‘எங்கள் ஊர் மண்’ என்னும் தலைப்பில் ஒரு பத்தி எழுதுமாறு கூறினால், மாணவர் பெரும்பாலும் பின்வருமாறு எழுதுவர்:

“எங்கள் ஊர் கரிசல் மண் நிறைந்தது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் புகழ் பெற்றது. கோடையில் நிலம் வெடிக்கும். எட்டயபுரத்தில் பாரதியார் 1882ஆம் ஆண்டு பிறந்தார். கரிசல் மண் ஈரத்தைக் காக்கும். இங்குத் தீப்பெட்டித் தொழிலும் உண்டு. கடலைமிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. உளுந்து இங்கு விளையும்.”

இதில் எட்டுத் தொடர்கள் உள்ளன. எட்டும் உண்மையே. எழுத்துப் பிழையோ சொற்பிழையோ இல்லை. ஆயினும் இது பத்தி அன்று. எட்டுத் தொடர்களின் குவியல். இரண்டாம் தொடரை ஏழாம் இடத்திலும், ஐந்தாம் தொடரை முதலிடத்திலும் மாற்றி வைத்துப் பாருங்கள். யாதொரு கேடும் நேராது. இடம் மாற்றினாலும் பொருள் மாறாத தொடர்கள் ஒன்றோடொன்று உறவு பூணாதவை என்பது தெளிவு. அதே மாணவன், மண்ணைப் பற்றித் தான் சொல்ல விரும்பும் ஒன்றை முதலில் முடிவு செய்துகொண்டு எழுதினால், பத்தி இவ்வாறு அமையும்:

“கரிசல் மண், பெய்த மழையைப் பயிருக்கெனக் காத்துவைக்கும் மண்ணாகும். இம்மண்ணில் களித்துகள் மிகுதி. மழை பெய்தால் அத்துகள்கள் நீரை ஏற்றுப் பருக்கின்றன. வெயில் காய்ந்தால் சுருங்குகின்றன. அதனாலேயே கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது. அவ்வெடிப்புகளின் வழியே முதல் மழைநீர் ஆழத்திற்கு இறங்குகிறது. இவ்வாறு இறங்கிய ஈரம் எளிதில் வற்றுவதில்லை. ஆகையால், வடகிழக்குப் பருவமழை மார்கழியில் ஓய்ந்த பின்னும், தை மாசித் திங்களில் சோளமும் பருத்தியும் அவ்வீரத்தைக் கொண்டே முதிர்கின்றன. ஆற்றுநீர் எட்டாத ஊரில் மண்ணே நீர்நிலையாக நிற்கிறது.”

இப்பத்தியில் ஒன்பது தொடர்கள் உள்ளன. ஆனால் முதல் தொடர், பத்தி கூறவரும் கருத்தை முன்னே நிறுத்துகிறது. அதனைத் தலைமைத் தொடர் எனலாம். பின்வரும் தொடர்கள் காரணத்தையும் விளைவையும் படிப்படியாக விளக்குகின்றன. கடைசித் தொடர் கருத்தை நிறைவு செய்கிறது. ‘இம்மண்’, ‘அத்துகள்கள்’, ‘அதனாலேயே’, ‘அவ்வெடிப்புகள்’, ‘இவ்வாறு’, ‘ஆகையால்’ என்னும் சொற்களைக் கவனியுங்கள். முன் தொடரின் கையைப் பின் தொடர் பற்றிக்கொண்டு நடப்பதற்கு இவை உதவுகின்றன. அ, இ என்னும் சுட்டெழுத்துகள் தமிழ் உரைநடைக்கு வாய்த்த நார்கள். அவற்றைக் கொண்டே தொடர்களைக் கோக்கிறோம். இங்கு ஒரு தொடரை இடம் மாற்றினால் நார் அறுந்துவிடும். கடலைமிட்டாயும் தீப்பெட்டியும் பாரதியாரும் எங்கே போயினர் என்று கேட்கிறீர்களா? அவர்களை நாம் தள்ளிவிடவில்லை. ஊரின் தொழில்களைப் பற்றி ஒரு பத்தியும், ஊரின் புகழைப் பற்றி ஒரு பத்தியும் எழுதும்போது, அவர்களுக்கு உரிய இடம் அங்கே காத்திருக்கிறது.

பத்தி என்பது மேனாட்டார் தந்த வழக்கம். நம் முன்னோர் அதனை அறியார் என்று கூறுவார் உளர். அக்கூற்றில் பாதியே உண்மை. பழங்காலக் கிரேக்கர், பொருள் மாறும் இடத்தைக் காட்டுவதற்கு எழுத்தின் பக்கத்தில் ஒரு சிறு கோடு இட்டனர். பக்கத்தில் எழுதுவது என்னும் பொருள்படும் அச்சொல்லிலிருந்தே ‘பாரா’ என நாம் வழங்கும் சொல் வந்தது. ஸ்காத்லாந்து நாட்டு அறிஞர் அலெக்சாந்தர் பெயின், 1866ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலில், பத்திக்குரிய விதிகளை வகுத்துக் காட்டினார். நம் ஏட்டுச்சுவடிகளிலோ இடம் விட்டு எழுதும் வழக்கம் இல்லை. புள்ளியும் பல இடங்களில் இராது. அச்சு வந்த பின்னரே, 19ஆம் நூற்றாண்டில், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் போன்றோர் நிறுத்தக் குறிகள் இட்டுத் தமிழ் உரைநடையைத் தெளிவாக அச்சிட்டு வழிகாட்டினர். இஃது உண்மையின் ஒரு பாதி.

மற்றொரு பாதியைக் கேளுங்கள். ஏட்டில் இடைவெளி இல்லையே ஒழிய, நெஞ்சில் ஒழுங்கு இருந்தது. தொல்காப்பியமும் நன்னூலும் ‘ஓத்து’ என்னும் நூற்பகுதிக்கு இலக்கணம் கூறுகின்றன. ஒரே இனத்து மணிகளை வரிசைப்படக் கோத்தல்போல, ஓரினப் பொருள்களை ஓரிடத்தில் அமைப்பது ஓத்து என்பது அவ்விலக்கணத்தின் கருத்து. பெரிய இயலுக்குக் கூறிய இவ்விலக்கணம் சிறிய பத்திக்கும் பொருந்தும் அன்றோ? சூத்திரத்திற்குக் காண்டிகையுரை வகுத்த ஆசிரியர்கள், முதலில் கருத்தைக் கூறினர். பிறகு சொற்பொருள் கூறினர். அதன்பின் எடுத்துக்காட்டுத் தந்தனர். ஐயம் எழும் இடத்தில் வினாவும் விடையும் அமைத்தனர். தலைமைத் தொடர், விளக்கம், எடுத்துக்காட்டு என நாம் இன்று பேசும் முறை இதுவே. நன்னூலார் நூலுக்குக் கூறிய குற்றங்களுள் ‘மற்றொன்று விரித்தல்’ என்பது ஒன்று; ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்பது மற்றொன்று. எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரித்தமையால் என் மாணவனின் விண்ணப்பம் கெட்டது. வேண்டுகோளுக்கு வரும்போது அது தேய்ந்தும் போயிற்று. நன்னூலை நாற்பது முறை பாடம் சொன்ன நான், அவ்விரு குற்றங்களும் மாணவனின் எழுத்தில் எவ்வாறு தோன்றும் என்று ஒருமுறையும் காட்டவில்லை.

விதி பேசினால் எழுத்தின் உயிர் போய்விடும் என்று அஞ்சுவோரும் உளர். அவர்களுக்கு எங்கள் ஊர்ப் பாட்டிமார் விடை கூறுவர். இரவில் முற்றத்தில் அமர்ந்து பாட்டி கதை சொல்வாள். பேரப்பிள்ளைகள் ‘உம்’ கொட்டுவர். அந்த ‘உம்’ எங்கு விழுகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு செய்தி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் விழும். பாட்டி அங்கே மூச்சு வாங்குவாள். பிள்ளை உம் கொட்டவில்லையெனில், கதை விளங்கவில்லை என அறிந்து, திரும்பவும் சொல்வாள். எழுத்தாளனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. படிப்பவர் கண்ணெதிரில் இல்லை. அவர் உம் கொட்டினாரா என்பதை அறிய வழியும் இல்லை. ஆகவே, அவர் உம் கொட்டுவதற்கென ஓரிடத்தை எழுத்தாளன் தானே விட்டுவைக்கிறான். பத்தியின் இறுதியில் உள்ள வெற்றிடம் அதுவே. அது வெறும் தாள் அன்று. படிப்பவருக்கு நாம் தரும் மதிப்பு.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் என்னும் சிற்றூரில், 1923ஆம் ஆண்டில் இருவர் பிறந்தனர். ஒருவர் கு. அழகிரிசாமி, மற்றவர் கி. ராஜநாராயணன். இருவரும் நண்பர்கள், இருவரும் சாகித்திய அகாதெமிப் பரிசுக்கு உரியவர் ஆயினர். அழகிரிசாமிக்கு 1970ஆம் ஆண்டுக்கான பரிசும், ராஜநாராயணனுக்கு 1991ஆம் ஆண்டுக்கான பரிசும் வழங்கப்பெற்றன. ராஜநாராயணன் கரிசற்காட்டு மக்கள் வாய்மொழியாகச் சொல்லிவந்த கதைகளைத் திரட்டினார். அவர்கள் வழங்கிய சொற்களைத் தொகுத்து அகராதியும் செய்தார். இவ்விருவரும் பிறர் கட்டுரையை ஒப்புவித்துப் பெருமை பெற்றவர் அல்லர். தாம் பிறந்த மண்ணையும், அதில் உழைக்கும் மனிதரையும் உற்று நோக்கியவர்கள். நீங்கள் நடக்கும் அதே மண்ணில்தான் அவர்களும் நடந்தனர்.

ஆதலின் மாணவர்களே, ஒரு பத்தி எழுதப் புகுமுன், “இப்பத்தியில் நான் சொல்லப்போவது என்ன?” என்று உங்களையே கேளுங்கள். விடையை ஒரே தொடரில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு தொடரில் சொல்ல இயலவில்லையெனில், உங்களிடம் இரண்டு கருத்துகள் இருக்கின்றன, அல்லது ஒன்றும் இல்லை. பிறகு அக்கருத்துக்கு உரியவற்றைத் திரட்டுங்கள். உரியன அல்லாதவற்றை, அவை எத்துணை அழகியனவாயினும், ஒதுக்குங்கள். நிகழ்ச்சியாயின் காலமுறையிலும், காட்சியாயின் அண்மையிலிருந்து சேய்மைக்கும், விளக்கமாயின் காரணத்திலிருந்து விளைவுக்கும் வரிசைப்படுத்துங்கள். எழுதி முடித்தபின் உரக்கப் படியுங்கள். எங்கு உம் கொட்டத் தோன்றுகிறதோ, அங்குப் பத்தியை முடியுங்கள். ஒரு பத்திக்கு இத்தனை வரி என்று கணக்கு இல்லை. கருத்து நான்கு தொடரில் நிறைவெய்தினால் நான்கு போதும்; பத்து வேண்டுமாயின் பத்து எழுதலாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு வகுப்பில் நாற்பது மாணவர் இருப்பின், நாற்பது கட்டுரைகளைத் திருத்துவது அரிய பணி என்பதை நான் அறிவேன். ஆகவே பத்துக் கட்டுரைகள் வேண்டா. வாரம் ஒரு பத்தி போதும். அதுவும் மாணவன் கண்ணால் கண்டதைப் பற்றியதாக இருக்கட்டும். கடலை உடைப்பதையும், தீப்பெட்டி ஒட்டுவதையும், மழைக்கு ஏங்கி வானம் பார்ப்பதையும் எழுதட்டும். நாற்பது பேரும் ஒரேமாதிரி எழுதினால் நாம் தோற்றோம். நாற்பது வகையாக எழுதினால் வென்றோம்.

அம்மாணவன் வந்த மறுநாள், நாங்கள் இருவரும் அமர்ந்து அவ்விண்ணப்பத்தைத் திருத்தி எழுதினோம். நேர்ந்த இழப்பு ஒரு பத்தி; அதற்குச் சான்று ஒரு பத்தி; வேண்டும் உதவி ஒரு பத்தி. மூன்றே பத்திகளில் விண்ணப்பம் முடிந்தது. கெடு கடந்துவிட்டமையால் அவ்வாண்டு அதனால் பயன் விளையவில்லை. இழந்த விளைச்சலை என் தமிழ் அவர்களுக்கு மீட்டுத் தரவில்லை. ஆயினும், அவன் ஊரில் எவருக்கேனும் விண்ணப்பம் எழுதவேண்டுமாயின், இன்று அவனையே தேடி வருகின்றனர். வருவோரிடம் அவன் முதலில் கேட்கும் கேள்வி, “உங்களுக்கு வேண்டியது என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள்” என்பதாம். வகுப்பறையில் நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது. நீங்கள் தாளைத் தொடுமுன் உங்களையே அக்கேள்வி கேட்டுப் பழகுங்கள்.